தொண்டை நோவு என்று தள்ளிப் போடாதீர்கள்



குழந்தைக்குத் தொண்டை நோகிறது என்றால் நம் ஊர்களில் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. "சளி புடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்பார் பாட்டி. "குச்சி ஐஸ் வாங்கித் தின்னுச்சு, அதான்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. மிளகுக் கஷாயம் வைப்பார்கள். கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சாதாரணத் தொண்டை நோவுதான். நாலைந்து நாளில் தானே ஆறிவிடும்.

ஆனால் அந்தச் சாதாரண நோவின் கூட்டத்தில் ஒளிந்துகொண்டு இரண்டு பொல்லாத நோய்கள் வருவதுண்டு. ஒன்று சில நாட்களில் உயிரையே கொண்டுபோகும். மற்றொன்று பிள்ளையின் இதயத்தைக் கெடுத்து, பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் வாட்டும். இரண்டையும் நம்மால் தடுக்க முடியும். தடுக்கும் வழி மூன்று: கிருமி பரவாமல் பார்ப்பது, ஆபத்தின் அடையாளத்தை அன்றைக்கே கண்டுகொள்வது, தடுப்பு ஊசியை இடையில் நிறுத்தாமல் முழுவதும் போட்டு முடிப்பது. இந்த மூன்றையும்தான் இந்தப் பிரசுரத்தில் பார்க்கப் போகிறோம். கணவர், மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் வாய்விட்டுப் படியுங்கள்.

கிருமி எப்படிப் பரவுகிறது?

தொண்டை நோய்க் கிருமிகள் எச்சிலிலும் சளியிலும் வாழ்கின்றன. பிள்ளை இருமும்போதும் தும்மும்போதும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் தெறிக்கின்றன. எதிரே இருக்கும் பிள்ளை மூச்சை இழுத்தால் அவை உள்ளே போய்விடுகின்றன. சளி துடைத்த கையால் பொம்மையைத் தொட்டு, அதே பொம்மையை அடுத்த பிள்ளை வாயில் வைத்தாலும் அப்படித்தான்.

நம் பெரியவர்கள் சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள். எச்சில் பண்டத்தைப் பிறருக்குத் தர மாட்டார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது. ஒரே டம்ளரை நாலு பிள்ளைகள் வாயில் வைத்துக் குடிப்பார்கள். மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் போனால் ஒரு பீப்பீ வாங்குவோம். அதை அண்ணன் ஊதுவான், பிறகு தம்பி ஊதுவான், பிறகு சித்தி பெண் ஊதுவாள். வீட்டிலோ அம்மாவின் முந்தானை ஒன்றுதான். மூன்று பிள்ளைகளின் மூக்கையும் அதுவே துடைக்கும். இரவில் எல்லாரும் ஒரே பாயில் முகத்தோடு முகம் வைத்துப் படுப்பார்கள். கிருமிக்கு இதைவிட நல்ல பாதை வேறு எது?

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பவர் எல்லாரும் படுத்துக் கிடப்பதில்லை. திடமாக நடமாடும் பெரியவர் தொண்டையிலும் கிருமி இருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் வாயில் மென்று ஊட்டும் சோற்றிலும், பிறந்த பிள்ளைக்கு நாக்கில் வைக்கும் சேனையிலும் அது குழந்தைக்குப் போய்ச் சேரும்.

மூன்று வகைத் தொண்டை நோவு

முதல் வகை, சாதாரணமானது. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், கண் சிவந்திருக்கும், குரல் கம்மும். பிள்ளை சிணுங்கினாலும் விளையாடும், கொஞ்சம் சாப்பிடும். இது வைரஸ் கிருமியால் வருவது. இதற்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேலை செய்யாது. மெடிக்கல் கடையில் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் வகை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வருவது. பள்ளிக்கூடம் போகும் வயதில், அதாவது 5 முதல் 15 வயது வரை, அதிகம் வரும். திடீரென்று காய்ச்சல் கொதிக்கும். எச்சில் விழுங்கவே வலிக்கும். தாடைக்குக் கீழே நெறி கட்டும். பெரும்பாலும் இருமலோ மூக்கு ஒழுகலோ இருக்காது. இதற்கு டாக்டர் பெனிசிலின் வகை மருந்து தருவார். மாத்திரையாகத் தந்தால் வழக்கமாகப் பத்து நாள். இரண்டு நாளில் வலி நின்றுவிடும், "நல்லாயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவோம். அங்கேதான் ஆபத்து. அரைகுறையாக விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வரும். இதை ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். மூட்டு வீக்கம் வடிந்துபோகும். ஆனால் இதயத்தின் வால்வு கெட்டுவிடலாம். அந்தப் பெண் வளர்ந்து கல்யாணமாகிப் பிள்ளை உண்டானபோது மூச்சு வாங்கிப் படுத்த பிறகுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கி, சொன்ன நாள் முழுவதும் கொடுத்தால் இதைத் தடுத்துவிடலாம்.

மூன்றாம் வகைதான் தொண்டை அடைப்பான். ஆங்கில மருத்துவத்தில் டிப்தீரியா என்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தொண்டை அடைப்பான் என்ன செய்கிறது?

கிருமி தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் நோய் தொடங்கும். முதலில் லேசான காய்ச்சல்தான். 'காய்ச்சல் அதிகம் இல்லையே' என்று நாம் ஏமாந்து போவது இதனால்தான். தொண்டை கொஞ்சம் வலிக்கும், பிள்ளை சோர்ந்து போகும், சாப்பாடு இறங்காது. பிறகு தொண்டையின் இரண்டு பக்கமும், உள்நாக்கிலும், சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் ஒன்று படரும். பாலாடை போல இருக்கும். ஆனால் பாலாடை போல வழித்து எடுக்க வராது. சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டினால் ரத்தம் வரும். நோய் முற்றினால் கழுத்து இரண்டு பக்கமும் தடித்துக் காளை மாட்டுக் கழுத்து போல ஆகிவிடும். படலம் கீழே இறங்கி மூச்சுக் குழலை அடைத்தால் பிள்ளை மூச்சுத் திணறும். அதனால்தான் நம் முன்னோர் இதற்கு அடைப்பான் என்று பெயர் வைத்தார்கள்.

அடைப்பதோடு இந்தக் கிருமி நிற்பதில்லை. தொண்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு ரத்தத்தோடு ஓடி இதயத்துக்கும் நரம்புக்கும் போகும். தொண்டை தேறிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில், ஒன்றிரண்டு வாரம் கழித்து, இதயம் தளர்ந்து பிள்ளை திடீரென்று இறந்து போவதுண்டு. சில பிள்ளைகளுக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வரும். குரல் மூக்கால் பேசுவது போல ஆகும். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆஸ்பத்திரியில் சிகிச்சை கிடைத்தாலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இறக்கக் கூடிய நோய் இது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதைவிட அதிகம்.

ஓர் அரண்மனையில் நடந்தது

'வசதி இல்லாதவர் வீட்டு நோய்' என்று எண்ண வேண்டாம். விக்டோரியா மகாராணியின் மகள் ஆலிஸ் இளவரசி. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்னும் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். 1878 நவம்பரில் அவருடைய அரண்மனைக்குள் தொண்டை அடைப்பான் நுழைந்தது. கணவரும் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். நான்கு வயதுக் கடைக்குட்டி மேரி நவம்பர் 16-ஆம் தேதி இறந்துபோனாள். நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த மகனிடம் இந்தச் செய்தியை ஆலிஸ் சில வாரம் மறைத்தார். கடைசியில் சொன்னபோது பையன் துடித்துப் போனான். தாய் மனம் தாங்காமல் அவனைக் கட்டி அணைத்து முத்தமிட்டார். அந்த முத்தத்தில்தான் நோய் தொற்றியது என்று அக்காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். டிசம்பர் 14-ஆம் தேதி ஆலிஸும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

அரண்மனை வைத்தியர்கள் இருந்தும் அவர்களிடம் அன்று மருந்து இல்லை. தடுப்பு ஊசியும் இல்லை. இன்று நம் ஊர் துணை சுகாதார நிலையத்தில், காசில்லாமல், அந்தத் தடுப்பு ஊசி கிடைக்கிறது. மகாராணியின் மகளுக்குக் கிடைக்காதது நம் குடிசைப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. அதை விட்டுவிடலாமா?

மருந்து உண்டு, ஆனால் காலம் முக்கியம்

1890-இல் பெர்லின் நகரில் பேரிங் என்பவரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞரும் இந்த நஞ்சை முறிக்கும் வழியைக் கண்டார்கள். குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றினால் அதன் ரத்தத்தில் மாற்று மருந்து உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து நோயாளிக்கு ஊசியாகப் போடுவார்கள். இதற்கு நஞ்சு முறிப்பு மருந்து என்று பெயர். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்கு இதற்காகவே கிடைத்தது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் இந்த மருந்து முறிக்கும். இதயத்திலும் நரம்பிலும் போய் ஒட்டிக்கொண்ட நஞ்சை அதனால் பிடுங்க முடியாது. ஆகவே முதல் நாள் போட்ட ஊசிக்கும் நாலாம் நாள் போட்ட ஊசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வைத்தியரிடம் போகாமல் வீட்டில் பற்றுப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் நஞ்சுக்கு நாம் கொடுக்கும் தவணை.

1925-இல் அமெரிக்காவின் அலாஸ்காவில் நோம் என்னும் பனி சூழ்ந்த ஊரில் இந்த நோய் வந்தது. கப்பல் போகாது, ரயில் இல்லை. நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில், ஆள் மாற்றி ஆள் மாற்றி, 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தூரமில்லை. 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். நாம் வீட்டை விட்டுப் புறப்படுவதில்தான் தாமதம்.

மருந்து எப்போதும் எங்கும் கையிருப்பில் இருக்கும் என்றும் நம்பி இருந்துவிடக் கூடாது. 2018 செப்டம்பரில் தலைநகர் டெல்லியிலேயே இந்த நோய்க்கு இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியானார்கள். அப்போது நஞ்சு முறிப்பு மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்தது. இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தடுப்பு ஊசி முறையாகப் போடாதவர்கள். மருந்தை நம்பி இருப்பதைவிட நோயை வரவிடாமல் தடுப்பதே புத்திசாலித்தனம்.

"மூணு ஊசி போட்டாச்சே!"

ஊர் ஊராகப் போய்ப் பேசும்போது தாய்மார்கள் சொல்வது இது: "மூணு ஊசியும் போட்டாச்சு சார், கார்டுல இருக்குது." கார்டை வாங்கிப் பார்த்தால் மூன்றும் இருக்கும். அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் காலியாக இருக்கும்.

தடுப்பு ஊசி செய்வது என்ன? கிருமியின் நஞ்சை வீரியம் நீக்கி உடம்புக்குக் காட்டிக் கொடுக்கிறது. உடம்பு அதைப் பார்த்துப் பழகி, எதிர்க்கும் சக்தியைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தச் சக்தி வருஷம் போகப்போகக் குறையும். ஏரிக் கரையைக் கட்டினால் மட்டும் போதுமா? மழைக்கு முன்னால் மண் அணைத்து பலப்படுத்த வேண்டாமா? மேலும் மேலும் போடும் ஊசிகள் அந்தக் கரையைப் பலப்படுத்துகின்றன.

நம் நாட்டில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பு ஊசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் மற்ற மாநிலங்களுக்கு முன்னால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியைக் கொண்டுவந்தன. அதனால் குழந்தைப் பருவத்தில் இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது போய்விடவில்லை. பெரிய பிள்ளைகள் பக்கம் நகர்ந்தது. 2016-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வந்தபோது பள்ளி வயதுப் பையன்கள் இறந்தார்கள். 2018-இல் நம் மாநிலத்தின் ஈரோடு மாவட்டத்திலேயே தலைகாட்டியது. ஊசி போடாமலோ பாதியில் விட்டோ இருந்த பிள்ளைகளைத்தான் இந்த நோய் தேடிப் பிடிக்கிறது.

ஆகவே கார்டை எடுத்துக் கீழ்க்கண்டபடி இருக்கிறதா என்று பாருங்கள்:

1. ஒன்றரை மாதம் (6 வாரம்): பென்டாவேலன்ட் முதல் ஊசி.
2. இரண்டரை மாதம் (10 வாரம்): இரண்டாம் ஊசி.
3. மூன்றரை மாதம் (14 வாரம்): மூன்றாம் ஊசி.
4. ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள் (16 முதல் 24 மாதம்): முத்தடுப்பு ஊக்க ஊசி.
5. ஐந்து வயது முடிந்து ஆறு வயதுக்குள்: முத்தடுப்பு இரண்டாம் ஊக்க ஊசி.
6. பத்து வயதில்: டி.டி. ஊசி.
7. பதினாறு வயதில்: டி.டி. ஊசி.

கர்ப்பிணித் தாய்க்குப் போடும் ஊசியிலும் இப்போது ரணஜன்னித் தடுப்போடு தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அதையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது ஊசி ஏன் விட்டுப் போகிறது? பிள்ளை அப்போது நடக்கத் தொடங்கியிருக்கும். தாய் மறுபடியும் நடவுக்கோ களையெடுப்புக்கோ போகத் தொடங்கியிருப்பார். சில வீடுகளில் அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும். கைக்குழந்தையும் வாந்தி மயக்கமுமாக இருக்கும் தாய்க்கு மூத்த பிள்ளையின் ஊசி நினைவில் நிற்பது கஷ்டம். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று வருஷம் இடைவெளி விடுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நெருக்கிப் பிறந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் நோய் வந்தால் அது ஒரே பாயில் எல்லாரையும் பிடிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டம்ளர் வையுங்கள். பால்வாடிக்கும் பள்ளிக்கும் தனித் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

மூக்குத் துடைக்க பழைய வேட்டியையோ புடவையையோ கிழித்துப் பிள்ளைக்கு ஒரு துண்டு வையுங்கள். தினமும் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். முந்தானையை விட்டுவிடுங்கள்.

இருமும்போது முழங்கை மடிப்பில் முகத்தை மறைக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

சாப்பிடும் முன்னும் மூக்குத் துடைத்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யுங்கள்.

சோற்றைக் கையால் மசித்து ஊட்டுங்கள். வாயில் மென்று ஊட்டாதீர்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டாம். தாய்ப்பால் ஒன்றே போதும்.

படுக்கும் அறையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும் பிள்ளையைத் தனிப் பாயில் படுக்க வையுங்கள். இடமில்லாவிட்டால் தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்க வையுங்கள்.

அடுப்புப் புகையும் பீடிப் புகையும் பிள்ளையின் தொண்டையைப் புண்ணாக்கும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டாம்.

செய்யக் கூடாதவை

'உள்நாக்கு விழுந்துடுச்சு' என்று உச்சி மயிரைப் பிடித்து இழுப்பதும், விரலை விட்டு உள்நாக்கைத் தூக்குவதும், தொக்கம் எடுக்கிறவரிடம் கொண்டுபோவதும் கூடாது. வெள்ளைப் படலம் இருக்கும் தொண்டையில் விரலோ துணியோ பட்டால் ரத்தம் வரும், வீங்கும், மூச்சு அடைக்கும். விரலை விட்டவருக்கும் கிருமி தொற்றும்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு போன்றவற்றைத் தொண்டைக்குள் தடவாதீர்கள். சின்னப் பிள்ளைக்குக் கொதிநீரில் ஆவி பிடிக்காதீர்கள். கொட்டிக்கொண்டு வெந்துபோன பிள்ளைகள் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதீர்கள்.

வெதுவெதுப்பான சுக்குத் தண்ணீர், கஞ்சி, பால் கொடுக்கலாம். கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கலாம். இவை வலியைக் குறைக்கும். வைத்தியத்துக்கு இவை ஈடாகா.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து 'ஆ' சொல்லச் சொல்லிப் பாருங்கள். கரண்டியை உள்ளே நுழைக்க வேண்டாம். கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு பகல் பாராமல் புறப்படுங்கள்:

தொண்டையில் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் படலம்.
கழுத்து வீக்கம்.
தண்ணீரோ எச்சிலோ விழுங்க முடியாமல் வாயில் ஒழுகுதல்.
மூச்சு இழுக்கும்போது கர்கர் என்ற சத்தம், நெஞ்சுக்குழி உள்ளே போதல்.
குடித்தது மூக்கு வழியே வருதல்.
பிள்ளை துவண்டு கிடத்தல்.

மூச்சுத் திணறும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க முயல வேண்டாம். உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். போகும்போது தடுப்பு ஊசிக் கார்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.

ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால்

தொண்டை அடைப்பான் என்று டாக்டர் சந்தேகப்பட்டால் சுகாதாரத் துறையினர் உங்கள் தெருவுக்கு வருவார்கள். பயந்து கதவைச் சாத்தாதீர்கள். வீட்டிலும் பள்ளியிலும் நெருங்கிப் பழகியவர்களின் தொண்டையைப் பரிசோதிப்பார்கள். அவர்களுக்கு மருந்து தருவார்கள். ஊசி விட்டுப் போனவர்களுக்குப் போடுவார்கள். மருந்தைச் சொன்ன நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். நோய் வந்த பிள்ளை, தொற்று நீங்கியது என்று டாக்டர் சொல்லும்வரை மற்றப் பிள்ளைகளோடு சேரக் கூடாது. தேறிய பிறகும் ஓடியாட விடாமல், டாக்டர் சொல்லும்வரை ஓய்வு கொடுங்கள். இதயத்துக்கு அது தேவை. நோய் வந்து போனவருக்கும் தடுப்பு ஊசி போட வேண்டும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை என்றால், மருந்து தொடங்கிய பிறகு ஒரு நாளாவது கழிந்து, காய்ச்சலும் விட்ட பின்பே பள்ளிக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"ஊசி போட்டா காய்ச்சல் வருதே, நர்சம்மா?"
வரும். ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கிறது என்பதற்கு அது அடையாளம். நர்ஸ் கொடுக்கும் பாராசிட்டமால் மருந்தைச் சொன்ன அளவில் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

"புள்ளைக்கு லேசா சளி இருக்குது. ஊசி போடலாமா?"
போடலாம். லேசான சளி தடை ஆகாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் நின்றுவிடாமல் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டிக் கேளுங்கள்.

"தேதி தாண்டிப் போச்சே, மறுபடி முதல்லேர்ந்து போடணுமா?"
வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரை போடலாம். அதற்கு மேல் டி.டி. ஊசி உண்டு. தாமதம் ஆகிவிட்டது என்று வெட்கப்பட்டு வராமல் இருப்பதுதான் தவறு.

"கார்டு தொலைஞ்சு போச்சுங்க."
கிராம சுகாதார செவிலியரின் பதிவில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கும். அவரிடம் கேளுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

ஊசி போடுவது பொம்பளைங்க வேலை என்று ஒதுங்க வேண்டாம். தடுப்பு ஊசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. அன்றைக்கு அரை நாள் வேலையை விட்டு நீங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஊசிக்குப் பயப்படும் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடிக்க அப்பாவின் கை நல்ல கை.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த ஊர் அரசு சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் ஊசி போடுவார்கள். மரக்காணம் உப்பளத்து வேலையாட்களும் அடுத்த ஊசித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை நாம் மறக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் டிரங்குப் பெட்டியும் தப்பாது, கார்டும் தப்பாது. ஆகவே கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். புயல் நேரத்தில் பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்கள் நெருக்கிப் படுக்கும்போது தொண்டை நோய் பரவ வாய்ப்பு அதிகம். அங்கே இருமும் பிள்ளையை ஓரமாகப் படுக்க வைத்து, முகாமுக்கு வரும் நர்ஸிடம் காட்டுங்கள்.

நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் முகத்தில் பெரியம்மை வடு இன்னும் தெரியும். 1975-க்குப் பிறகு பிறந்த யாருக்கும் அந்த வடு இல்லை. தடுப்பு மருந்து அந்த நோயை நாட்டை விட்டே விரட்டியது. தொண்டை அடைப்பானை அப்படி அடியோடு ஒழிக்க இன்னும் முடியவில்லை. ஆனால் நம் தெருவுக்குள் வராமல் தடுக்க முடியும். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் எல்லா ஊசியும் போட்டிருந்தால் அதற்கு நுழைய வீடு கிடைக்காது.

படித்த பின் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்

1. நம் பிள்ளைக்கு இதுவரை எத்தனை ஊசி ஆகியிருக்கிறது? அடுத்தது எந்த மாதம்?
2. தொண்டையில் எந்த அடையாளம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது?
3. நஞ்சு முறிப்பு மருந்தை ஏன் சீக்கிரம் போட வேண்டும்?
4. டாக்டர் பத்து நாள் மாத்திரை கொடுத்தால் இரண்டாம் நாளே ஏன் நிறுத்தக் கூடாது?
5. இன்றைக்கு இரவே நம் வீட்டில் எந்தப் பழக்கத்தை மாற்றப் போகிறோம்?

முதல் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், இப்போதே எழுந்து போய்க் கார்டைத் தேடி எடுங்கள். கட்டம் ஏதாவது காலியாக இருந்தால், வருகிற புதன்கிழமை பிள்ளையைக் கொண்டு வாருங்கள்.